சில்லுகளில் சிறைப்பட்ட வெளிச்சம்: ரவென்னாவின் பேராயர் அருங்காட்சியகத்தை எப்படிப் பார்ப்பது?

இத்தாலியின் ரவென்னா நகருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நேரே சான் விதாலே ஆலயத்துக்குத்தான் போகிறார்கள். அந்த ஆலயமும், பக்கத்திலேயே இருக்கும் கல்லா பிளாசிடியா நினைவு மண்டபமும் அவ்வளவு பேர்பெற்றவை. ஆனால் கையில் ஒரு முழு நாள் இருந்தால், பேராலயத்தை ஒட்டியிருக்கும் பேராயர் அருங்காட்சியகத்தில் தொடங்குவதுதான் சரி. மற்ற இடங்களில் மொசைக் ஓவியங்கள் தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு சில்லும் எப்படி வெட்டப்பட்டது, எந்தச் சாய்வில் வைக்கப்பட்டது என்பது கீழே நின்று பார்த்தால் தெரியாது. இங்கே சில முகங்கள் சுவரில் கண்ணுக்கு நேராக மாட்டப்பட்டிருக்கின்றன. அவற்றின் முன் பத்து நிமிடம் நின்றுவிட்டுப் போனால், நாள் முழுக்க மேலே அண்ணாந்து பார்ப்பது என்ன என்று புரியத் தொடங்கும்.

மொசைக் என்றால் நம் ஊரில் தரை நினைவுக்கு வரும். சிமெண்டில் சலவைக்கல் துணுக்குகளைக் கலந்து கொட்டி, காய்ந்தபின் இழைத்து மெருகேற்றும் அந்தத் தரை வேறு வகை. இங்கே பேசுவது, கல்லையும் வண்ணக் கண்ணாடியையும் சிறு சில்லுகளாக வெட்டி, ஈரச் சுண்ணாம்புச் சாந்தில் ஒவ்வொன்றாகக் கையால் பதிக்கும் சுவர் ஓவியம். தரை மொசைக் காலால் மிதிபட வேண்டியது என்பதால் அதன் மேற்பரப்பு சமமாக இருந்தாக வேண்டும். சுவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அந்த விடுதலையைத்தான் ரவென்னாவின் கைவினைஞர்கள் முழுக்கப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இவ்வளவு சின்ன ஊரில் இவ்வளவு ஏன்?

402-இல் மேற்கு ரோமப் பேரரசன் ஹொனோரியஸ் தன் அரசவையை மிலானிலிருந்து ரவென்னாவுக்கு மாற்றினான். சுற்றிலும் சதுப்பு நிலம், அருகே கிளாசே துறைமுகம். தரைவழியாக வரும் படைக்கு இது எளிதில் விழாத ஊர். 476-இல் மேற்கின் கடைசிப் பேரரசன் பதவி இழந்தான். 493-இல் கிழக்கு கோத்தியர்களின் மன்னன் தியோடெரிக் நகரைப் பிடித்து 526 வரை ஆண்டான். 540-இல் கான்ஸ்டாண்டினோபிளிலிருந்து கிழக்கு ரோமப் பேரரசன் ஜஸ்டினியனின் தளபதி பெலிசாரியஸ் வந்து கைப்பற்றினான். 751-இல் அது லோம்பார்டுகளின் கைக்குப் போனது. ஆக, சுமார் 150 ஆண்டுகளுக்குள் மூன்று ஆட்சிகள், ஒவ்வொன்றுக்கும் சுவரில் சொல்ல ஒரு செய்தி. அதன்பிறகு ஊர் ஒதுங்கிப்போனது. இடித்துப் புதிதாகக் கட்டப் பணமோ தேவையோ அதிகம் இல்லை. பல ஓவியங்கள் தப்பியதற்கு அந்த ஒதுக்கமும் ஒரு காரணம். 1996-இல் யுனெஸ்கோ இங்குள்ள எட்டுக் கட்டடங்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்றது. அவற்றில் ஒன்று அருங்காட்சியகத்துக்கு உள்ளேயே இருக்கிறது.

இதில் ஒரு சமயப் பிளவையும் தெரிந்துகொள்ள வேண்டும். தியோடெரிக்கும் அவன் மக்களும் ஆரிய கிறிஸ்தவர்கள். இந்தச் சொல்லுக்கு இனத்தோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆரியுஸ் என்ற குருவின் பெயரிலிருந்து வந்தது. மகனாகிய கிறிஸ்து தந்தையால் உண்டாக்கப்பட்டவர், தந்தைக்கு நிகரானவர் அல்லர் என்பது அவர் போதனை. 325-இல் நிசேயா சங்கம் இதைத் தள்ளிவிட்டது. தியோடெரிக் காலத்து ரவென்னாவில் இரு தரப்பும் தனித்தனி ஆலயம், தனித்தனித் திருமுழுக்குக் கூடம் வைத்திருந்தன. சுவரில் இருக்கும் பல படங்கள் இந்த வழக்கில் கொடுக்கப்பட்ட வாக்குமூலங்கள்.

கண்ணுக்கு நேரே ஒரு முகம்

அருங்காட்சியகத்தில் முதலில் தேட வேண்டியவை பழைய பேராலயமான ஊர்சியானாவின் துண்டுகள். அந்த ஆலயம் 18-ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டது; இன்று பக்கத்தில் நிற்பது அதன் இடத்தில் எழுந்த புதுக் கட்டடம். இடித்தபோது, பலிபீடத்துக்குப் பின்னாலிருந்த அரைவட்டக் கவிகையில் 1112-இல் செய்யப்பட்ட மொசைக்கிலிருந்து சில துண்டுகள் மட்டும் காப்பாற்றப்பட்டன. இரு கைகளையும் உயர்த்தி மன்றாடும் மரியாளும் சில புனிதர்களின் தலைகளும் அவற்றில் அடக்கம். காலத்தால் இவை தொடக்ககாலக் கிறிஸ்தவக் கலை அல்ல. ஆறு நூற்றாண்டு பிந்தியவை. ஆனால் வேலைமுறை ஏறக்குறைய அதுவே. அதைக் கிட்ட நின்று பார்க்க இதைவிட நல்ல இடம் ஊரில் வேறு இல்லை.

ஒரு முகத்துக்கு முன் ஒரு கை நீளத்தில் நில்லுங்கள். கன்னத்தில் சில்லுகள் சிறியவை, ஆடையிலும் பின்புலத்திலும் பெரியவை. பொதுவாகவே முகத்துக்குச் சில மில்லிமீட்டர் அளவுச் சில்லும், ஆடைக்கும் பின்புலத்துக்கும் ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய சில்லும் பயன்பட்டன. அடுத்து, சில்லுகள் ஓடும் திசையைக் கவனியுங்கள். அவை சதுரக் கட்டமாக நிற்பதில்லை. கண் குழியைச் சுற்றி, தாடை வளைவைப் பின்தொடர்ந்து வரிசை வரிசையாகப் போகின்றன. தூரிகை போகும் வழியில் சில்லு போகிறது. இனி பின்னால் நான்கைந்து அடி நகருங்கள். தனித்தனியாகத் தெரிந்த பச்சை, இளஞ்சிவப்பு, வெள்ளைச் சில்லுகள் ஒன்றுகூடித் தோலின் நிறமாகிவிடும். அருகில் கரடுமுரடாகத் தெரிவது வேலையின் குறை என்று எண்ண வேண்டாம். தொலைவிலிருந்து பார்ப்பதற்கென்றே கணக்கிட்டுச் செய்தது.

தயாரிப்பு இப்படி. செங்கல் சுவரில் முதலில் தடித்த காரைப் பூச்சு. அதில் மணலும் சுண்ணாம்பும், பிடிப்புக்கு வைக்கோல் போன்ற நாரும் கலப்பார்கள். அது இறுகியதும் அதன்மேல் இன்னொரு பூச்சு. கடைசியாக, நன்கு சலித்த சுண்ணாம்பும் சலவைக்கல் பொடியும் சேர்ந்த மென்சாந்து. இந்த மூன்றாம் பூச்சை ஒரே மூச்சில் சுவர் முழுக்கப் பூச முடியாது. ஈரம் போவதற்குள் எவ்வளவு பதிக்க முடியுமோ அவ்வளவு இடத்துக்கு மட்டுமே பூச வேண்டும். ஈரச் சாந்தின்மேல் வண்ணத்தால் படத்தைத் தீட்டிக்கொள்வார்கள். எந்த நிறச் சில்லு எங்கே என்பதற்கு அதுவே வழிகாட்டி. சில்லு சாந்துக்குள் பாதிக்கு மேல் இறங்கினால்தான் நிற்கும். குறைவாக அழுத்தினால் காய்ந்தபின் உதிரும். அதிகம் அழுத்தினால் சாந்து இடுக்கில் பிதுங்கி மேலேறி நிறத்தை மறைக்கும்.

நிறத்துக்கு ஆதாரம் கண்ணாடி. கிழக்கு மத்தியதரைக் கடற்கரையிலும் எகிப்திலும் மணலையும் நேட்ரான் என்ற கார உப்பையும் பெரிய உலைகளில் உருக்கிக் கச்சாக் கண்ணாடி செய்தார்கள். அது கட்டிகளாகக் கப்பலேறியது. அதை மறுபடி உருக்கி, கோபால்ட் சேர்த்தால் ஆழ்ந்த நீலம், செம்பு சேர்த்தால் பச்சையும் நீலப்பச்சையும், அதே செம்பைக் காற்று குறைந்த உலையில் வைத்தால் இரத்தச் சிவப்பு. உருகியதை அப்பளம்போல் வட்டத் தகடாக ஊற்றி, ஆறியதும் நிறுத்தி வைத்த உளியின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டினால் சில்லுகள் தெறிக்கும். சுவரில் நமக்குத் தெரிவது பெரும்பாலும் அந்த வெட்டுவாய். உடைந்த கண்ணாடியின் முகம். அதனால்தான் அந்த மினுக்கம். தோலுக்கும் வெள்ளை ஆடைக்கும் பெரும்பாலும் கல். அது ஒளியைத் திருப்பி அடிக்காமல் உள்ளே வாங்கிக்கொள்ளும்.

பொன் சில்லு தனி வேலை. ஒரு கண்ணாடித் தகடு, அதன்மேல் மிக மெல்லிய தங்க ஏடு, அதற்குமேல் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இன்னொரு கண்ணாடிப் படலம். மூன்றையும் சூட்டில் ஒன்றாக்கி, பிறகு வெட்டுவது. தங்கம் காற்றுப் படாமல் நடுவில் அடைந்துகிடக்கும். இதன் பலவீனமும் அங்கேதான். மேற்படலம் பெயர்ந்தால் ஏடும் கூடவே போய்விடும். எஞ்சுவது மங்கலான கண்ணாடி. பொன்வெளியில் ஆங்காங்கே கருத்த புள்ளிகள் தெரிந்தால் அழுக்கென்று முடிவுகட்டிவிட வேண்டாம். பல இடங்களில் அது தங்கம் உதிர்ந்த சில்லு.

இந்தப் பொன் சில்லுகளைச் சுவரோடு சமமாகப் பதிக்காமல், ஒவ்வொன்றையும் சற்றே வேறு வேறு கோணத்தில் சாய்த்தார்கள். எண்ணெய் விளக்கின் சுடர் அசைந்தாலும் சரி, பார்ப்பவர் நகர்ந்தாலும் சரி, ஒளி ஒரு சில்லிலிருந்து மறு சில்லுக்குத் தாவும். ஆகவே மொசைக்கை நின்ற இடத்திலிருந்து பார்ப்பது பாதிப் பார்வைதான். இடம் வலமாக இரண்டடி நகர்ந்து பாருங்கள். மங்கிக் கிடந்த பகுதி எரியத் தொடங்கும், எரிந்த பகுதி அணையும். புகைப்படத்தில் ஒருபோதும் வராதது இதுவே.

95 ஆண்டுகளுக்கு ஒரு கல் நாட்காட்டி

பலரும் நிற்காமல் கடந்துபோகும் ஒரு சலவைக்கல் பலகை அருங்காட்சியகத்தில் உண்டு. 6-ஆம் நூற்றாண்டின் ஈஸ்டர் நாட்காட்டி. சக்கரம்போல் வரைந்து, 19 கதிர்ப் பகுதிகளாகப் பிரித்து எழுத்துகளைப் பொறித்திருக்கிறார்கள். 532 முதல் 626 வரை, அதாவது 95 ஆண்டுகளுக்கு, ஈஸ்டர் என்றைக்கு வரும் என்பதை இதில் படித்துக்கொள்ளலாம்.

ஏன் 19? ஈஸ்டர், வசந்த சமநாளை ஒட்டி வரும் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறு. ஆக சூரியக் கணக்கும் சந்திரக் கணக்கும் சேர்ந்தால்தான் நாள் கிடைக்கும். 19 சூரிய ஆண்டுகளில் ஏறக்குறைய சரியாக 235 சந்திர மாதங்கள் அடங்குகின்றன. அதனால் 19 ஆண்டுக்கு ஒருமுறை பௌர்ணமிகள் அதே தேதிகளுக்குத் திரும்பி வரும். ஐந்து சுற்று சேர்ந்தால் 95. ஆனால் கிழமை அதே வரிசையில் திரும்புவதில்லை என்பதால் ஒவ்வொரு சுற்றிலும் ஞாயிறு வேறு தேதியில் விழும். அதைத்தான் கல்லில் தனித்தனியாகக் குறிக்க வேண்டியிருந்தது. ரோமில் வாழ்ந்த துறவி தியோனிசியுஸ் எக்ஸிகுவஸ் கணித்த அட்டவணையும் இதே 532–626 காலத்துக்குரியதே. கிறிஸ்து பிறப்பிலிருந்து ஆண்டை எண்ணும் பழக்கம் அந்த அட்டவணையிலிருந்துதான் கிளம்பியது. பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்தக் கல் எளிதில் பேசும்.

மாக்சிமியானின் யானைத்தந்த இருக்கை

அருங்காட்சியகத்தின் பெரும்புகழ், ரவென்னாவின் ஆயர் மாக்சிமியானின் இந்த இருக்கையால்தான். 6-ஆம் நூற்றாண்டு வேலை. கான்ஸ்டாண்டினோபிளில் செய்யப்பட்டிருக்கலாம் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் எண்ணம். முன்புறத்தின் மேல்பட்டையில் 'ஆயர் மாக்சிமியானுஸ்' என்ற பெயர் எழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிய முத்திரையாக நிற்கிறது. அதன் கீழே நடுவில் ஆட்டுக்குட்டி பொறித்த வட்டத்தை ஏந்திய திருமுழுக்கு யோவான், இருபுறமும் நான்கு நற்செய்தியாளர்கள். பக்கவாட்டில் யோசேப்பின் கதை: சகோதரர்கள் கிணற்றில் தள்ளுவது, விற்பது, எகிப்தில் பஞ்ச காலத்தில் தானியம் வழங்குவது. முதுகுப்புறத்தில் கிறிஸ்துவின் வாழ்க்கைக் காட்சிகள். சில தகடுகள் இன்று இல்லை. இடையில் வெற்றிடங்கள் தெரியும்.

தகடுகளின் அளவைக் கவனித்தால் பொருளின் கட்டாயம் புரியும். எந்தத் தகடும் தந்தத்தின் குறுக்களவைவிட அகலமாக இருக்க முடியாது. அதனால்தான் இவ்வளவு பெரிய இருக்கை சிறு சிறு செவ்வகங்களின் சேர்க்கையாக நிற்கிறது. இடையிடையே கொடியும் விலங்கும் மயிலும் ஓடும் பட்டைகள் மூட்டுகளை மறைக்கின்றன. முன்புறத்து உருவங்கள் ஆழமாகச் செதுக்கப்பட்டு, ஆடை மடிப்புகள் நிழலோடு நிற்கின்றன. பக்கவாட்டுக் கதைகளில் கை வேறு: நெரிசலான மனிதர்கள், வேகமான உடலசைவு. ஒரே சிற்பியின் வேலை அல்ல என்பது வெறுங்கண்ணுக்கே தெரிகிறது. தந்தம் ஈரக்காற்றில் விரிந்து, வறண்ட காற்றில் சுருங்கி, நார் ஓடும் திசையில் வெடிக்கும். அதனால் கண்ணாடிக்கு உள்ளே வைத்திருக்கிறார்கள். பிரதிபலிப்பு இடையூறு செய்தால், நேராக நிற்காமல் ஒரு ஓரமாகச் சாய்ந்து பாருங்கள்.

மயில் இங்கே அழகுக்கு மட்டும் வந்ததல்ல. மயிலின் இறைச்சி அழுகாது என்ற நம்பிக்கை அக்காலத்தில் இருந்தது. புனித அகஸ்டின் அதைச் சோதித்துப் பார்த்ததாகவே எழுதியிருக்கிறார். ஆகவே அது அழியா வாழ்வின் குறி. ரவென்னாவின் கல் சவப்பெட்டிகளிலும் மயில்களைப் பார்ப்பீர்கள்.

யாரை எதிர்த்து இந்தக் கிறிஸ்து?

அருங்காட்சியகத்துக்குள்ளே இருக்கும் புனித அந்திரேயா சிற்றாலயம் ஆயர்களின் சொந்த வழிபாட்டு இடம். தியோடெரிக்கின் ஆட்சிக் காலத்தில் ஆயர் இரண்டாம் பேதுரு கட்டியது. யுனெஸ்கோ பட்டியலின் எட்டில், ஆரிய மன்னன் ஆண்ட நாளில் எதிர்த்தரப்பு எழுப்பிய கட்டடம் இது ஒன்றுதான்.

இந்தப் பின்னணியோடு முன்கூடத்தில் நுழைந்து, கதவுக்கு மேலே பாருங்கள். ரோமப் படைவீரனின் உடுப்பில், தோளில் சிலுவையைச் சாய்த்து, சிங்கத்தையும் பாம்பையும் மிதித்து நிற்கிறார் கிறிஸ்து. கையில் திறந்த புத்தகம்; 'நானே வழியும் உண்மையும் வாழ்வும்' என்று அதில் இலத்தீனில் எழுதியிருக்கிறது. நல்லாயனாகவும் போதகராகவுமே கிறிஸ்துவைத் தீட்டிப் பழகிய ஊரில் இது கடுமையான படம். மிதிபடும் சிங்கமும் பாம்பும் திருப்பாடலில் வருபவை. அன்றைய ரவென்னாவில் ஆயரின் சொந்த அறைக்குள் அவை ஆரியத் தரப்பை நினைவூட்டியிராது என்று சொல்வது கடினம். மகன் தந்தைக்கு நிகரானவர் என்ற பக்கத்தின் பதில் இது.

முன்கூடத்தின் கூரையில் பொன் பின்புலத்தில் வெள்ளை அல்லிப் பூக்களும் விதவிதமான பறவைகளும். அதே கூடத்தில் ஒரு இலத்தீன் கவிதை. அதன் முதல் வரி, 'வெளிச்சம் இங்கே பிறந்தது, இல்லையேல் இங்கே சிறைப்பட்டு விடுதலையாய் ஆள்கிறது' என்று போகிறது. மொசைக் செய்யும் வேலையை ஒரே வரியில் சொன்னதாக இதைவிடச் சிறந்தது கிடைக்காது: அடைபட்ட ஒளி, அடைபட்டதாலேயே அரசாளும் ஒளி. இன்று காணும் எழுத்துகள் மறுசீரமைப்பில் வந்தவை. 9-ஆம் நூற்றாண்டில் ரவென்னாவின் ஆயர்களைப் பற்றி எழுதிய அக்னெல்லுஸ் என்ற குரு அந்த வரிகளைப் பிரதி எடுத்து வைத்ததால்தான் பாடம் தப்பியது.

உள்ளே கூரையில் நான்கு வானதூதர்கள் கைகளை உயர்த்திக் கிறிஸ்துவின் பெயர் முத்திரையைத் தாங்குகிறார்கள். இடையிடையே நற்செய்தியாளர்களின் குறிகள். வளைவுகளில் வட்டங்களுக்குள் திருத்தூதர்கள், ஆண் மறைசாட்சிகள் (விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்கள்), பெண் மறைசாட்சிகள். பெர்பேத்துவா, பெலிசித்தா, செசிலியா என்று பெயர் எழுதியே இருப்பதால் அடையாளம் காண்பது எளிது. மொசைக் உதிர்ந்த சில இடங்களில் வண்ணம் தீட்டி நிரப்பியிருக்கிறார்கள். கூர்ந்து பார்த்தால் சில்லின் விளிம்பு நிழல் அங்கே இராது.

எது பழையது, எது பின்னால் வந்தது?

அருங்காட்சியகத்தில் பழகிய கண்ணை உடனே சோதித்துப் பார்க்கலாம். பக்கத்திலேயே நியோன் திருமுழுக்குக் கூடம். அதன் குவிமாட உச்சியில் கிறிஸ்துவின் திருமுழுக்கு: தாடியுள்ள கிறிஸ்து, தலையில் தட்டிலிருந்து நீர் ஊற்றும் யோவான். அந்தத் தட்டும் கிறிஸ்துவின் தலையும் 19-ஆம் நூற்றாண்டில் ஃபெலிசே கிபெல் செய்த மறுசீரமைப்பு. அழிந்துபோன இடத்தை அவர் தன் காலத்து ஓவியங்களில் பழகிய முறையில் நிரப்பிவிட்டார். மூலம் எப்படி இருந்திருக்கும் என்பதற்குச் சான்று சிறிது தூரம் நடந்தால் கிடைக்கும். தியோடெரிக் காலத்து ஆரியத் திருமுழுக்குக் கூடத்தில் அதே காட்சி. அங்கே கிறிஸ்து தாடியில்லாத இளைஞர், யோவான் கையைத் தலைமேல் வைக்கிறார், தட்டு ஏதும் இல்லை. யோர்தான் நதி தலையில் நண்டுக் கொடுக்குகள் முளைத்த கிழவனாக உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது இந்த ஊர் தரும் பெரிய பாடம்.

பழுதுபார்த்த பகுதியைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. சில்லுகள் எல்லாம் ஒரே அளவில், ஒரே மட்டத்தில், இடைவெளி இல்லாமல் நெருங்கி நின்றால் சந்தேகப்படுங்கள். 19-ஆம் நூற்றாண்டில் சில்லுகளைக் காகிதத்தில் தலைகீழாக ஒட்டி, பிறகு மொத்தமாகச் சுவரில் பதிக்கும் முறை பரவியது. வேலை வேகமாக முடியும். ஆனால் மேற்பரப்பு தட்டையாகிவிடும், பொன் எல்லாம் ஒரே நேரத்தில் மினுங்கி ஒரே நேரத்தில் அணையும். ஈரச் சாந்தில் நேரடியாகக் கையால் வைத்ததில் அந்த ஒழுங்கு வராது.

அழித்ததும் ஒரு வேலைதான். தியோடெரிக் தன் அரண்மனை ஆலயமாகக் கட்டிய சாந்த் அப்போலினாரே நுவோவோவில் வலப்பக்கச் சுவரின் தொடக்கத்தில் அவனுடைய அரண்மனை நிற்கிறது. தூண்களுக்கு இடையே இன்று வெறும் திரைகள். ஆனால் தூண்களையே உற்றுப் பாருங்கள்: சில தூண்களின்மேல் வெட்டுப்பட்ட கைகள் குறுக்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன! 560-களில் ஆலயம் எதிர்த்தரப்புக்கு வந்ததும் ஆயர் அக்னெல்லுஸ் (மேலே சொன்ன குரு அல்ல, அவருக்கு மூன்று நூற்றாண்டு முந்தியவர்) அரசவை உருவங்களைப் பெயர்த்து எடுக்கச் செய்தார். உருவம் நின்ற இடத்தில் திரை போட்டாயிற்று. தூணைத் தொட்டிருந்த விரல்களை எடுத்தால் தூணையும் மறுபடி செய்ய வேண்டும். அதை அப்படியே விட்டுவிட்டார்கள். அரண்மனையிலிருந்து கிளம்பும் 26 மறைசாட்சிகளின் ஊர்வலம் அப்போது புதிதாகச் செய்தது. முன்னால் போகிறவர் புனித மார்ட்டின். மற்றவர்கள் வெள்ளையில் இருக்க, அவர் மட்டும் ஊதா ஆடையில்.

சான் விதாலே

526-இல், ஆயர் எக்லேசியுஸ் காலத்தில் தொடங்கி 547-இல் மாக்சிமியான் அர்ச்சித்த ஆலயம் இது. யூலியுஸ் அர்ஜெந்தாரியுஸ் என்பவர் 26,000 பொற்காசு கொடுத்தார். கவிகையின் இருபுறமும் பேரரசன் ஜஸ்டினியனும் பேரரசி தியோடோராவும் பரிவாரத்தோடு. இருவரும் ரவென்னாவுக்கு வந்ததே இல்லை. ஜஸ்டினியனுக்கு அடுத்து நிற்கும் வழுக்கைத் தலை மாக்சிமியான். அந்தக் குழுவில் பெயர் எழுதப்பட்டவர் அவர் மட்டுமே. 546-இல் பேரரசன் நியமித்து வந்த வெளியூர்க்காரர் அவர். ஊர் மக்கள் முதலில் ஏற்க மறுத்தார்கள். பெயரைத் தலைக்கு மேலே எழுதிவைக்க வேண்டிய தேவை அவருக்கு இருந்தது. பாதங்களைப் பாருங்கள்: உடலளவில் பேரரசன் முன்னால், ஆனால் காலளவில் ஆயர் ஒரு அடி முன்னே. யார் முந்தி என்ற கேள்விக்கு அந்த வரிசை இரண்டு பதிலும் தருகிறது. தியோடோராவின் ஆடைக் கரையில் காணிக்கை ஏந்தி வரும் மூன்று ஞானிகள் நெய்த வேலைப்பாடாகத் தெரிகிறார்கள். அவள் கையில் கிண்ணம், கணவன் கையில் தட்டு. நகைகளில் சில இடங்களில் கண்ணாடிக்குப் பதில் சிப்பியின் உட்புற ஓட்டைப் பதித்திருக்கிறார்கள். இந்த விவரங்களுக்கு ஒரு சிறு தொலைநோக்கி கட்டாயம் வேண்டும்.

அதே வளாகத்தின் பழைய மடத்தில் தேசிய அருங்காட்சியகம். அங்கே ஒரு அரிய பொருள் இருக்கிறது: கிளாசேயில் உள்ள சாந்த் அப்போலினாரே ஆலயக் கவிகை மொசைக்குக்கு அடியில் கிடைத்த முதல் வரைவு. சுவரில் இன்று ஆடுகள் வரிசையாக நிற்கும் இடத்தில், வரைவில் மயில்களும் பழக்கூடைகளும் இருக்கின்றன. சில்லு பதிக்கும் முன் யாரோ மனதை மாற்றிக்கொண்டார்கள். கிளாசேவுக்கு ரிமினி பக்கம் போகும் ரயிலில் ஒரே நிறுத்தம். அந்த ஆலயம் 549-இல் அர்ச்சிக்கப்பட்டது. 99 விண்மீன்கள் சூழ்ந்த சிலுவையின் நடுவில் மிகச் சிறியதாய் ஒரு முகம் இருக்கும், தவறவிடாதீர்கள்.

நேரமும் நுழைவும்

பேராயர் அருங்காட்சியகம், நியோன் கூடம், சான் விதாலே, கல்லா பிளாசிடியா, சாந்த் அப்போலினாரே நுவோவோ ஆகிய ஐந்தும் மறைமாவட்டத்தின் பொறுப்பில் உள்ளன. ஒரே கூட்டுச் சீட்டு போதும், ஒவ்வோர் இடத்திலும் ஒருமுறை நுழையலாம். ஆரியக் கூடமும் தேசிய அருங்காட்சியகமும் கிளாசே ஆலயமும் அதில் சேராது. நியோன் கூடத்துக்கும் கல்லா பிளாசிடியாவுக்கும் நேரம் குறித்துப் பதிவு செய்ய வேண்டும். அந்த நேரத்தை வைத்துத்தான் மற்றவற்றைத் திட்டமிட வேண்டும். மாற்றிச் செய்தால் ஊரின் இரு முனைக்கும் ஓட நேரிடும்.

கல்லா பிளாசிடியாவில் சில நிமிடங்களே விடுவார்கள். ஜன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் அலபாஸ்டர் என்ற ஒளி கசியும் கல்லின் மெல்லிய பலகைகள் (20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொருத்தியவை) இருப்பதால் உள்ளே தேன் நிற இருட்டு. நுழைந்ததும் படம் எடுக்கக் கையை உயர்த்தாமல் அரை நிமிடம் அசையாமல் நில்லுங்கள். கண் பழகியதும் நீலக் கூரையும் அதில் பொன் விண்மீன்களும் மெல்ல எழும். நேரக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் கூட்டம் மட்டுமல்ல, மூச்சும்தான். சிறிய இடத்தில் பலர் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த சுவரில் படியும். சாந்தில் இருக்கும் உப்பு அதில் கரையும், காயும்போது மறுபடி படிகமாகும். படிகம் இடம் கேட்டுச் சில்லைப் பின்னாலிருந்து தள்ளும். கடந்த நூற்றாண்டில் சிமெண்ட் வைத்துப் பழுதுபார்த்த இடங்களில் இந்தத் தொல்லை கூடுதல். சிமெண்ட் தானே உப்பைச் சுமந்துவருகிறது, ஈரத்தை வெளியே விடாமல் அருகிலிருக்கும் பழைய சுண்ணாம்புச் சாந்துக்குள் துரத்துகிறது. இன்றைய பாதுகாப்பாளர்கள் சுவரை விரல் முட்டியால் மெல்லத் தட்டிக் கேட்கிறார்கள். வெற்றொலி வந்தால் சாந்து சுவரைவிட்டு விலகிவிட்டது என்று பொருள். அங்கே ஊசிவழியாக நீர்த்த சுண்ணாம்புக் குழம்பைச் செலுத்தி ஒட்டவைக்கிறார்கள்.

கீழிருந்து வரும் நீர் இதைவிடப் பெரிய எதிரி. ரவென்னாவின் மண் சேறு; கட்டடங்கள் தொடர்ந்து அமிழ்கின்றன. நிலத்தடி நீரையும் எரிவாயுவையும் எடுத்ததால் 20-ஆம் நூற்றாண்டில் அது வேகமானது. கல்லா பிளாசிடியாவின் தரை சுமார் ஒன்றரை மீட்டர் உயர்த்தப்பட்டது, நியோன் கூடத்தின் முதல் தரை இன்றைய தரைக்குச் சுமார் மூன்று மீட்டர் கீழே கிடக்கிறது. அதனால்தான் அவற்றின் உள்ளே நிற்கும்போது கூரை தலைக்கு மிக அருகில் வருவதாகத் தோன்றுகிறது. கட்டியவர்கள் நினைத்த உயரம் அது அல்ல. இந்த நீரைக் கண்ணால் பார்க்க, கவிஞர் தாந்தேயின் கல்லறைக்கு அருகிலிருக்கும் சான் பிரான்செஸ்கோ ஆலயத்துக்குப் போங்கள். பலிபீடத்துக்கு அடியில் உள்ள நிலவறையில் நீர் தேங்கி நிற்கிறது. நாணயம் போட்டால் விளக்கு எரியும். தெளிந்த நீருக்கடியில் மொசைக் தரை, அதன்மேல் பொன்மீன்கள்.